கொலராடோ காட்டுல எல்க் (பெரிய மான் வகை) வேட்டைக்கு முதல் தடவை போறீங்களா? அவுட்ஃபிட்டரோடயும் மத்த வேட்டைக்காரங்களோடயும் சண்டை இல்லாம திரும்பி வர ஒரு வழிகாட்டி

ரெண்டு வருஷத்துக்கு முன்னாடி அக்டோபர் கடைசில, விடிய இன்னும் ஒரு மணி நேரம் இருக்கும்போது, ஃப்ளாட் டாப்ஸ் மலைல ஒரு ஒத்தையடிப் பாதைல தனியா ஏறிட்டு இருந்தேன். கீழேருந்து லாடச் சத்தம் கேட்டுச்சு. வழி விடணுமேன்னு ரொம்ப நல்ல எண்ணத்தோட மேட்டுப் பக்கமா நாலடி ஏறி, ஒரு ஸ்ப்ரூஸ் மரத்துக்குப் பின்னாடி ஒதுங்கி, டார்ச்சை அணைச்சுட்டு சத்தமே போடாம நின்னேன். முதுகுல இருந்த பை தலைக்கு மேல ஒரு சாண் நீட்டிட்டு இருந்துச்சு. முதல் குதிரை தாண்டிருச்சு. அடுத்து வந்த கோவேறு கழுதை என்னைப் பாத்துச்சு, அவ்வளவுதான், பின்னால சாஞ்சு கயித்தை அத்துக்கிட்டு ஒரு சுத்து சுத்தி, முதுகுல கட்டியிருந்த பெட்டி ரெண்டும் கழண்டு, அதுல இருந்த அஞ்சு டஜன் முட்டையும் சரிவுல போயிருச்சு. குதிரைக்காரர், அதாவது காசுக்கு ஆளுங்களை வேட்டைக்குக் கூட்டிட்டுப் போற அவுட்ஃபிட்டர், இறங்கி வந்து ஹெட்லேம்ப்பை என் மூஞ்சில அடிச்சு கேட்ட முதல் கேள்வி, "மரத்துக்குப் பின்னாடி எதுக்கு ஒளிஞ்ச?"

சரி, அது ஒண்ணுதான் தப்புன்னு நெனச்சா, சாயங்காலம் கீழ இறங்கினப்பதான் தெரிஞ்சுது, நான் காரை நிறுத்தியிருந்தது அவரோட குதிரை ட்ரெய்லர் திரும்புற இடம். அந்த சீசன் ஒன்பது நாள்ல எனக்குக் கிடைச்சது ரெண்டு திட்டு, ஒரு சளி. எல்க்கோட வாலைக்கூட பாக்கல.

நம்ம ஆளுங்க இப்ப நிறைய பேர் டென்வர், டல்லாஸ், ஃபீனிக்ஸ்லேருந்து இந்த மலைக்கு வர ஆரம்பிச்சிருக்காங்க. நம்ம ஊர்ல 1972 சட்டத்துக்கு அப்புறம் வேட்டைன்னாலே ஜெயில்தான், அதனால அப்பா தாத்தா சொல்லிக் குடுத்துன்னு நமக்கு எதுவும் கிடையாது. துப்பாக்கி எப்படிப் பிடிக்கறதுன்னு வீடியோ ஆயிரம் இருக்கு, பக்கத்துல வேட்டையாடுற ஆளோட எப்படி நடந்துக்கறதுன்னு எவனும் சொல்றதில்ல. அதுக்குத்தான் இது. நான் எழுதறது முழுக்க கொலராடோ, அதுவும் அக்டோபர் நவம்பர்ல வர்ற ரைஃபிள் சீசன். மத்த மாநிலத்துக்கு சட்டம் வேற, வயோமிங்ல வெளி மாநிலத்துக்காரங்க ஃபெடரல் வில்டர்னஸ் ஏரியாவுக்குள்ள (ரோடு, வண்டி எதுவும் இல்லாம காடாவே விட்டு வெச்ச இடம்) கைடு இல்லாம பெரிய மிருகம் வேட்டையாடவே முடியாது, அதனால இதை அப்படியே அங்க தூக்கிட்டுப் போயிடாதீங்க.

1. நிலம் யாரோடதுன்னு முதல்ல தெரிஞ்சுக்கோங்க

நேஷனல் ஃபாரஸ்ட், பிஎல்எம் (ஃபெடரல் அரசோட நில நிர்வாகத் துறை) நிலம் ரெண்டும் நம்ம ஊர் மேய்ச்சல் புறம்போக்கு மாதிரி, யார் வேணா போலாம். ஃப்ளாட் டாப்ஸ் வில்டர்னஸ் மட்டும் 2 லட்சத்து 35 ஆயிரம் ஏக்கர். அவுட்ஃபிட்டர்னா குதிரை, டென்ட், கைடு எல்லாம் வெச்சு காசுக்கு ஆளுங்களை வேட்டைக்குக் கூட்டிட்டுப் போறவர். ஃபாரஸ்ட் சர்வீஸ் அவருக்குக் குடுக்கறது அந்த ஏரியாவுல தொழில் பண்றதுக்கான பெர்மிட். மலையை எழுதிக் குடுக்கல. அவரோட கிளையன்ட்டுக்கு எவ்வளவு உரிமையோ அவ்வளவு உரிமை உங்களுக்கும் இருக்கு. ஆனா பெர்மிட்ல அவருக்குன்னு ஒதுக்கின கேம்ப் இடம் இருக்கும், அது அவரோடது, அதை மதிச்சே ஆகணும். இந்த ரெண்டையும் குழப்பிக்கிட்டு "இது கவர்மென்ட் நிலம், எங்க வேணா டென்ட் போடுவேன்"னு நிக்கற ஆளுங்களையும் பாத்திருக்கேன், "இந்தப் பள்ளத்தாக்கு முழுக்க எங்களோடது"ன்னு புதுசா வந்தவனை மிரட்டுற கைடுகளையும் பாத்திருக்கேன். ரெண்டும் தப்பு.

தனியார் நிலம்தான் பெரிய பொறி. கொலராடோல வேலி இல்லன்னாலும், போர்டு இல்லன்னாலும், அனுமதி இல்லாம தனியார் நிலத்துல வேட்டையாடினா குத்தம். போர்டு பாக்கலைங்கறது செல்லாது. விதி மீறினதுக்கு லைசன்ஸ்ல 20 புள்ளி சேர்ந்தா சஸ்பெண்ட் ஆகலாம், இங்க சஸ்பெண்ட் ஆனா ஏறக்குறைய எல்லா மாநிலத்துலயும் அதே கதி, ஏன்னா மாநிலங்களுக்குள்ள ஒப்பந்தம் இருக்கு. இன்னொண்ணு, மேப்ல நீலக் கலர்ல வர்ற ஸ்டேட் டிரஸ்ட் லேண்ட். "ஸ்டேட்"னு பேர் இருக்கேன்னு உள்ள போயிடாதீங்க, வேட்டைக்குத் திறந்து விட்டதா பட்டியல்ல இருந்தா மட்டும்தான் போகணும்.

செக்கர்போர்டு மாதிரி அரசு நிலமும் தனியார் நிலமும் மாறி மாறி இருக்கற இடத்துல, ஒரு அரசு நிலத்து மூலைலேருந்து எதிர் மூலைல இருக்கற அரசு நிலத்துக்குத் தாண்டலாமான்னு ஒரு கேள்வி வரும். வயோமிங்ல ஏணி வெச்சு மூலை தாண்டின நாலு வேட்டைக்காரங்க கேஸ்ல, 2025 மார்ச்ல பத்தாவது சர்க்யூட் கோர்ட் (ஃபெடரல் அப்பீல் கோர்ட்) அவங்க பக்கம் தீர்ப்பு குடுத்துச்சு, சுப்ரீம் கோர்ட்டும் அதுல தலையிடல. அந்த சர்க்யூட்ல கொலராடோவும் வருது. ஆனாலும் முதல் வருஷமே மூலை தாண்டிப் பாக்கறேன்னு கிளம்பாதீங்க. ஜிபிஎஸ் நாலு மீட்டர் தள்ளிக் காட்டினா நீங்க நிக்கறது ஒரு ராஞ்சுக்காரர் நிலத்துல.

நிலம் யாரோடதுன்னு காட்டுற ஃபோன் ஆப், ஒரு மாநிலத்துக்கு வருஷத்துக்கு 35 டாலர் கிட்ட வரும், வாங்கிடுங்க. மலைல சிக்னல் இருக்காது, வீட்டுலயே மேப்பை டவுன்லோட் பண்ணி, ஃபோனை ஏரோப்ளேன் மோட்ல போட்டு ஒரு தடவை திறந்து பாத்துட்டுக் கிளம்புங்க. எந்த ரோட்டுல வண்டி போலாம்னு காட்டுற ஃபாரஸ்ட் சர்வீஸ் மேப் ரேஞ்சர் ஆபீஸ்ல இலவசம்.

2. பேப்பர் வேலை, விசா, செலவு

ஹன்டர் எஜுகேஷன் கார்டு. 1949 ஜனவரி 1 அன்னிக்கோ அதுக்கு அப்புறமோ பொறந்த எல்லாருக்கும் கட்டாயம், அதாவது நம்ம எல்லாருக்கும். வேற மாநிலத்துல எடுத்த கார்டும் செல்லும். ஆன்லைன் கோர்ஸ் 30 டாலர் அளவுல வரும், ரெண்டு வீக்கெண்ட்ல முடிச்சுடலாம். ஜனவரிலயே முடிங்க.

எச்-1பி, எஃப்-1 மாதிரி விசால இருக்கறவங்க இதை ரெண்டு தடவை படிங்க. குடியேற்றம் இல்லாத விசால இருக்கறவங்க துப்பாக்கியோ தோட்டாவோ வெச்சுக்கறது ஃபெடரல் சட்டப்படி குத்தம். விதிவிலக்குல ஒண்ணு, ஏதாவது ஒரு மாநிலம் குடுத்த, காலாவதி ஆகாத வேட்டை லைசன்ஸ் கையில இருக்கணும். அதனால முதல்ல லைசன்ஸ், அப்புறம்தான் துப்பாக்கிக் கடை. கொலராடோ வருஷாந்தர ஸ்மால் கேம் (முயல், பறவை மாதிரி சின்ன வேட்டை) லைசன்ஸ் மார்ச் 1லேருந்து அடுத்த வருஷம் மார்ச் 31 வரைக்கும் செல்லும், அதை ஒரு நாள்கூட இடைவெளி விடாம புதுப்பிச்சுக்கிட்டே இருங்க. லைசன்ஸ் முடிஞ்சும் துப்பாக்கி அலமாரில இருந்தா அதுவே பிரச்சனை. நண்பரோட துப்பாக்கியை "கொஞ்சம் பிடிச்சுப் பாக்கறேன்"னு ரேஞ்சுல வாங்கறதும் இதுல வரும். உங்க நிலைமை கொஞ்சம் சிக்கலா இருந்தா இமிக்ரேஷன் வக்கீலுக்கு ஒரு மணி நேரக் காசு குடுத்துக் கேட்டுக்கோங்க, கிரீன் கார்டு விஷயத்துல யாரோ சொன்னாங்கன்னு நம்பி இறங்க வேணாம். கிரீன் கார்டு வந்தவங்களுக்கு இந்தத் தடை இல்ல. கடைல துப்பாக்கி வாங்கினா மூணு நாள் காத்திருக்கணும், சீசனுக்கு முந்தின நாள் போய் நிக்காதீங்க.

எல்க் டேக், அதாவது ஒரு எல்க் சுடறதுக்கான லைசன்ஸ். கொலராடோல தொடர்ந்து ஆறு மாசம் குடியிருந்தா உள்ளூர்க்காரர் விலை, ஆண் எல்க்குக்கு 70 டாலர் அளவுல முடிஞ்சுடும். வெளி மாநிலம்னா 800 டாலரைத் தாண்டும். கூட ஹேபிடட் ஸ்டாம்ப் (வனவிலங்கு வாழிடத்துக்கான கட்டணம்) 12 டாலர் சொச்சம். ரெண்டாவது, மூணாவது ரைஃபிள் சீசனுக்கு நிறைய யூனிட்ல (வேட்டைக்காகப் பிரிச்சு வெச்ச பகுதி) குலுக்கல் இல்லாம கவுண்டர்லயே டேக் கிடைக்கும், ஆகஸ்ட் ஆரம்பத்துல விற்பனை தொடங்கும். குலுக்கல் வேணும்னா மார்ச்லேருந்து ஏப்ரல் முதல் வாரம் வரைக்கும் அப்ளிகேஷன். இதெல்லாம் வருஷத்துக்கு வருஷம் மாறுது, அந்தந்த வருஷ பிக் கேம் (பெரிய மிருக வேட்டை) விதிப் புத்தகத்தை முதல் பக்கத்துலேருந்து படிங்க. நான் படிக்காம போய்தான் நாலு பாயின்ட் கொம்பு விதியே தெரியாம நின்னேன் (நிறைய யூனிட்ல ஒரு பக்கக் கொம்புல நாலு கிளை இருக்கணும், இல்லன்னா புருவக் கிளை அஞ்சு இன்ச் இருக்கணும், அப்பதான் சுடலாம்).

ஆரஞ்சு இல்லன்னா பிங்க் கலர்ல பளிச்னு, இடுப்புக்கு மேல 500 சதுர இன்ச், தலைல தொப்பியும் அதே கலர்ல. இலை டிசைன் போட்ட ஆரஞ்சு கணக்குல வராது. 15 டாலர் வெஸ்ட்டும் 10 டாலர் தொப்பியும் போதும். இது சட்டம்ங்கறதை விட, எதிர் மேட்டுல உக்காந்திருக்கறவனுக்கு "இங்க ஒரு ஆள் இருக்கேன்"னு நீங்க சொல்ற முதல் வார்த்தை இது.

3. ஜூலைல ரெண்டு ஃபோன் பண்ணுங்க

இதுதான் இந்தக் கட்டுரைலயே முக்கியமான இடம், மத்ததை மறந்தாலும் இதை மட்டும் செய்ங்க.

முதல் ஃபோன் ரேஞ்சர் ஆபீஸுக்கு. ஃப்ளாட் டாப்ஸோட மேற்குப் பக்கம்னா மீக்கர் ஊர்ல இருக்கற ப்ளாங்கோ ரேஞ்சர் டிஸ்ட்ரிக்ட். கேக்க வேண்டியது மூணே கேள்வி. இந்த டிரெய்ல்ல எந்த அவுட்ஃபிட்டருக்கு பெர்மிட் இருக்கு? அவங்களோட ஒதுக்கின கேம்ப் எங்க இருக்கு? டிரெய்ல்ஹெட்ல (பாதை தொடங்குற இடம்) குதிரை ட்ரெய்லர் எங்க நிக்கும்? பொறுமையா பதில் சொல்வாங்க, ஏன்னா சண்டை வந்தா பஞ்சாயத்துக்கு மலை ஏற வேண்டியது அவங்கதான். கூடவே டென்ட் எத்தனை நாள் ஒரே இடத்துல இருக்கலாம் (பெரும்பாலும் 14 நாள்), தண்ணிலேருந்து எவ்வளவு தூரம் தள்ளி போடணும், கரடிக்காக சாப்பாடு எப்படி வைக்கணும்னும் கேட்டுக்கோங்க.

ரெண்டாவது ஃபோன் அந்த அவுட்ஃபிட்டருக்கே. தயக்கமா இருக்கும், எனக்கும் இருந்துச்சு, போட்டிக்காரனுக்கே போய் ஃபோன் பண்றோமேன்னு. போன வருஷம் ஜூலைல நான் பண்ணினப்ப பேரைச் சொல்லி, ஆபீஸ் தமிழ் இங்கிலீஷ்ல என்னென்னமோ சுத்தி வளைச்சேன், அவர் பாதிலேயே நிறுத்தி, "மரத்துக்குப் பின்னாடி நின்ன ஆள்தான நீ"ன்னு கேட்டுட்டார். சிரிச்சுட்டோம். அப்புறம் நான் சொன்னது இவ்வளவுதான்: ரெண்டாவது சீசன், நான் ஒரு ஆள், எங்க கேம்ப் போட்டா உங்களுக்கு இடைஞ்சல் இருக்காது? உங்க கிளையன்ட் எந்தப் பக்கம் உக்காருவாங்கன்னு கேக்கல, கேக்கவும் கூடாது, அது அவர் பொழப்பு, ஒருத்தர்கிட்ட 7,000, 8,000 டாலர் வாங்கிட்டுக் கூட்டிட்டு வர்றார். ஆனா அவரே சொன்னார், வடக்கு ஓடைக்கு அந்தப் பக்கம் எங்க ஆளுங்க போறதில்ல, குதிரைக்குத் தோதில்ல, நடந்து போறவனுக்கு நல்லதுன்னு. அந்த ஒரு வாக்கியம் எனக்கு ரெண்டு வருஷ அலைச்சலை மிச்சம் பண்ணுச்சு. ஃபோனை வைக்கும்போது, வரும்போது அஞ்சு டஜன் முட்டை எடுத்துட்டு வரச் சொன்னார். எடுத்துட்டுத்தான் போனேன்.

எல்லாரும் இப்படிப் பேசுவாங்கன்னு சொல்ல மாட்டேன். எங்க கூட வேலை பாக்கற திருநெல்வேலிக்காரர் ஒருத்தர் வேற மலைல ஒரு அவுட்ஃபிட்டருக்கு ஃபோன் பண்ணினா, "இந்த வருஷம் அங்க எல்க்கே இல்ல, வராதீங்க"ன்னு சொன்னாராம். வராதீங்கன்னு சொன்னா அங்க இருக்குன்னு அர்த்தம்னு இவர் கிளம்பிட்டார், போனா நிஜமாவே இல்ல.

4. பார்க்கிங், கேம்ப்

சீசன் தொடங்கறதுக்கு ரெண்டு நாள் முன்னாடியே போயிடுங்க. நல்ல இடம் கிடைக்கும், உடம்புக்கும் உயரம் பழகும், 10,000 அடில முதல் நாள் தலைவலி கன்ஃபர்ம்.

டிரெய்ல்ஹெட்ல வண்டியை நிறுத்திட்டு ஒரு தடவை இறங்கி நின்னு யோசிங்க, 40 அடி ட்ரெய்லரும் முன்னாடி ஒரு பெரிய ட்ரக்கும் இங்க எப்படித் திரும்பும்? குதிரை கட்டுற கம்பி, தண்ணித் தொட்டி, வட்டமா திரும்புற இடம், இதுக்குப் பக்கத்துல நிறுத்தாதீங்க. கேட்டைத் திறந்திருந்தா திறந்தபடி, மூடியிருந்தா மூடினபடி விடுங்க, மாடு மேய்ச்சல் இருக்கும். டாஷ்போர்டு மேல ஒரு சீட்டு வைங்க: எந்தப் பக்கம் போறேன், எத்தனை பேர், என்னிக்கு இறங்குவேன். வீட்டு அட்ரஸ் வேண்டாம். பின்னாடி வர்றவன் அதைப் பாத்து வேற பக்கம் போவான், உங்களுக்கு ஏதாவது ஆனா தேடுறவங்களுக்கும் அதுதான் துப்பு.

காலியா கிடக்கற நல்ல சமதரை, கல்லு வெச்ச அடுப்பு, கம்பம் வெட்டி மரத்துல சாத்தி வெச்சிருக்கு, குதிரை கட்டின தடம், இதெல்லாம் பாத்தா "ஆஹா ரெடிமேட் இடம்"னு டென்ட் போட்டுடாதீங்க. அது பெரும்பாலும் அவுட்ஃபிட்டரோட ஒதுக்கின கேம்ப், நாளைக்கு எட்டு குதிரையோட வந்து நிப்பாங்க.

புல்வெளி ஓரத்துலயும் போடாதீங்க. எல்க் ராத்திரி மேயற இடம் அது. மலைல காத்து காலைல கீழ இறங்கும், வெயில் ஏறினதும் மேல ஏறும். பள்ளத்தாக்குக்கு மேல டென்ட் போட்டு காலைல காபி போட்டா வாசம் முழுக்க கீழ இறங்கி மொத்தக் கூட்டமும் பக்கத்து மலைக்குப் போயிடும், உங்களுக்கும் போச்சு, ஒரு வருஷம் காசு சேத்து வந்த மத்தவங்களுக்கும் போச்சு. இதுக்காகத்தான் பழைய வேட்டைக்காரங்க புது ஆளுங்க மேல எரிஞ்சு விழறது, நிறத்தைப் பாத்து இல்ல. (நிறத்தைப் பாத்து ஒருத்தன் கூட இல்லையான்னா, ஒருத்தன் இருந்தான். பதில் பேசாம நடந்துட்டேன்.) மத்தவங்க டென்ட்லேருந்து கண்ணுக்குத் தெரியாத தூரம், காதுக்கும் கேக்காத தூரம். ஜெனரேட்டர் வேண்டாம். ஸ்பீக்கர்ல பாட்டு சத்தியமா வேண்டாம்.

வில்டர்னஸ்னு எழுதியிருந்தா சக்கரம் வெச்ச எதுவும் உள்ள போகக்கூடாது. சைக்கிள், கறி இழுக்கற கை வண்டிகூட கிடையாது. நான் 180 டாலர் குடுத்து வாங்கின வண்டி இன்னும் கராஜ்ல சும்மா நிக்குது.

5. பாதைல குதிரை வந்தா

நான் பண்ணினதுக்கு அப்படியே தலைகீழா பண்ணுங்க. பாதைலேருந்து பள்ளத்துப் பக்கமா, அதாவது கீழ்ப்பக்கமா இறங்கி நில்லுங்க, ஏன்னா மேட்டுல நிக்கற உருவம் குதிரைக்கு பாயப்போற சிங்கம் மாதிரி தெரியும், இந்த மலைல மலைச் சிங்கம் நிஜமாவே இருக்கு. கூட வந்தவங்க எல்லாரும் ஒரே பக்கம். நல்லா தெரியற மாதிரி நின்னு, சாதாரணக் குரல்ல "குட் மார்னிங், எத்தனை குதிரை வருது?"ன்னு பேசிக்கிட்டே இருங்க, குரல் கேட்டா அது மனுஷன்னு குதிரைக்குப் புரியும். ஹெட்லேம்ப்பை தரையைப் பாத்து திருப்புங்க. பெரிய பையா இருந்தா கழட்டி கால்கிட்ட வைங்க. தொடாதீங்க, ஃபோட்டோவுக்கு ஃப்ளாஷ் அடிக்காதீங்க. கடைசிக் குதிரை தாண்டி அம்பது அடி போற வரைக்கும் அப்படியே நில்லுங்க.

6. விடிகாலைல உங்க இடத்துல வேற ஒருத்தர் உக்காந்திருந்தா

நடக்கும். மூணு மணிக்கு எழுந்து, ரெண்டு மணி நேரம் ஏறி, மேடு தாண்டினா அங்க ஒரு ஆரஞ்சுத் தொப்பி. எங்க ஊர்ல தடப்பள்ளி வாய்க்கா பாசனத்துல முறைத் தண்ணி உண்டு. முதல்ல மடை திறந்தவன் முறை முடியற வரைக்கும் அடுத்தவன் வரப்புல உக்காந்து வெத்தலை போட வேண்டியதுதான். இங்கயும் அதேதான், முதல்ல வந்தவருக்கு அந்த இடம். சட்டத்துல இதுக்கு எழுத்து கிடையாது, ஆனா மலைல எல்லாரும் மதிக்கற விதி. கையைத் தூக்கிக் காட்டிட்டு, அவர் பாக்கற திசைக்குப் பின்பக்கமா சுத்தி வெளில போங்க. அவருக்கும் அவர் பாக்கற புல்வெளிக்கும் நடுவுல குறுக்க நடக்கறது மாதிரி ஒரு பாவம் வேற இல்ல.

அதனால எப்பவும் மூணு இடம் குறிச்சு வைங்க. முதல் இடத்துல ரெண்டு வண்டி நின்னா ரெண்டாவது இடத்துக்கு, அங்கயும் ஆள் இருந்தா மூணாவது.

இருட்டுல ஒரே நேரத்துல ரெண்டு பேர் டிரெய்ல்ஹெட்ல சந்திச்சா, அங்கயே ஒரு நிமிஷம் பேசிடுங்க. "நான் இடது மேட்டுப் பக்கம் போறேன், மதியம் வரைக்கும் ஓடையைத் தாண்ட மாட்டேன், நீங்க?" அவ்வளவுதான். சொன்னா சொன்ன மாதிரி நடந்துக்கோங்க, அவர் அந்தப் பக்கம் ஆள் இல்லன்னு நம்பித்தான் துப்பாக்கியைத் தூக்குவார். அவுட்ஃபிட்டரோட கிளையன்ட்டுங்க உக்காந்திருந்தா அவங்ககிட்ட பேசாதீங்க, கூட இருக்கற கைடுகிட்ட பேசுங்க. சூரியன் உதிக்க அரை மணி நேரம் முன்னாடிலேருந்து மறைஞ்சு அரை மணி நேரம் வரைக்கும்தான் சுடலாம், அதுக்குள்ள அவசரப்பட்டு சுட்டா மலை முழுக்கக் கேக்கும், யார்னு எல்லாருக்கும் தெரிஞ்சுடும்.

7. சுட்ட பிறகு இது யாரோட எல்க்?

மோசமான சண்டைங்க எல்லாம் இங்கதான் வரும். நீங்க சுட்டு, அடிபட்டு ஓடி, மேட்டுக்கு அந்தப் பக்கம் இன்னொருத்தர் சுட்டு விழுந்தா? வழக்கம் என்னன்னா, தப்பிக்கவே முடியாத அடியை முதல்ல யார் போட்டாங்களோ அவங்களுக்கு. ஆனா நெஞ்சுலயா காலுலயான்னு அங்க போய் தோலை உரிச்சாத்தான் தெரியும், அதுக்குள்ள ரெண்டு பேருக்கும் ரத்தம் சூடேறியிருக்கும். என் அபிப்பிராயம், சந்தேகம் இருந்தா விட்டுக் குடுங்க. இன்னொருத்தர் அடிச்சு ரத்தத் தடத்துல தேடிட்டு வர்றார்னா நின்னு உதவி பண்ணுங்க. உங்களுக்கு அடிபட்டது ஓடிருச்சுன்னா தேடறது சட்டக் கடமை, "மிஸ் ஆயிருக்கும்"னு அடுத்ததைச் சுடக் கூடாது. அது தனியார் நிலத்துக்குள்ள போயிருச்சுன்னா வேலிலயே நின்னு சொந்தக்காரருக்கு ஃபோன் பண்ணுங்க, ஆள் கிடைக்கலன்னா வனவிலங்கு ஆபீசருக்கு.

நண்பருக்காக சுட்டு அவர் டேக்கைக் கட்டறது கொலராடோல குத்தம். சுட்டவர் யாரோ அவரோட டேக்தான். விழுந்த உடனே டேக்கைப் பிரிச்சு தேதி, கையெழுத்து போடுங்க, பேனா உறைஞ்சு போயிரும், சட்டைக்குள்ள வைங்க. ஆணா பெண்ணான்னு காட்டுற உறுப்பு கறியோட ஒட்டியே இருக்கணும். குடல் குவியலை பாதைலயும் தண்ணி ஓரத்துலயும் விடாதீங்க, இழுத்து நூறு இருநூறு அடி தள்ளிப் போடுங்க, அடுத்த நாள் அந்தப் பக்கம் வர்ற குதிரையும் மிரளும், கரடியும் வரும்.

8. கறியைக் கீழ இறக்கறது

ஆண் எல்க் நம்ம ஊர் கடமானை விடப் பெருசு, உயிரோட 300 கிலோ. எலும்பு எடுத்தாலே 80, 90 கிலோ கறி. ரோட்டுலேருந்து அஞ்சு கிலோமீட்டர் உள்ள சுட்டா, நாலு நடை போய் வந்தா 40 கிலோமீட்டர். சாப்பிடக் கூடிய கறியை மலைல விட்டுட்டு வந்தா அது தனி குத்தம். அதனால தூரத்தை சுடறதுக்கு முன்னாடி யோசிங்க.

குதிரை வெச்சு இறக்கித் தர அவுட்ஃபிட்டருங்க காசு வாங்கிக்கிட்டு உதவுவாங்க, தூரத்தைப் பொறுத்து சில நூறு டாலர்ல ஆரம்பிக்கும். சீசனுக்கு முன்னாடியே பேசி வைங்க, சுட்டுட்டு சேட்டிலைட் மெசேஜ்ல கெஞ்சினா ரெண்டு நாள் கழிச்சுத்தான் வருவாங்க. போன வருஷம் எனக்கு முட்டைக்காரர்தான் இறக்கிக் குடுத்தார், அதே கோவேறு கழுதைதான் தூக்கிட்டு வந்துச்சு, இந்தத் தடவை நான் பள்ளத்துப் பக்கம் நின்னு விடாம பேசிக்கிட்டே இருந்தேன்.

இங்க ஒரு பொறி இருக்கு. டிரெய்ல்ஹெட்ல குதிரையோட ஒருத்தர் வந்து, "முந்நூறு குடு, இறக்கித் தர்றேன்"னு சொல்வார். கொலராடோல காசுக்கு இந்த வேலை செய்ய மாநிலப் பதிவு வேணும், ஃபாரஸ்ட் நிலத்துல செய்ய பெர்மிட்டும் வேணும். ரெண்டும் இல்லாத ஆளுக்குக் காசு குடுத்தா, ஊர்ல முறையா தொழில் பண்ற எல்லாரோடயும் பகை. பதிவு இருக்கான்னு மாநில ஒழுங்குமுறை துறையோட அவுட்ஃபிட்டர் பதிவு ஆபீஸ் வெப்சைட்ல பேரைப் போட்டா ரெண்டு நிமிஷத்துல தெரியும்.

கீழ வந்ததும் சிடபிள்யூடி (மான் இனத்தோட மூளையைத் தாக்குற நோய்) டெஸ்ட். உங்க டேக்குக்குக் கட்டாயம்னா இலவசம், நீங்களா குடுத்தா 25 டாலர். ரிசல்ட் வர்ற வரைக்கும் கறியை ஆருக்கும் பங்கு போட்டுக் குடுக்காதீங்க.

9. தகராறு வந்தா

ரெண்டு பேர் கையிலயும் துப்பாக்கி இருக்கு, இதை மறக்காதீங்க. முதல்ல உங்க துப்பாக்கில குண்டை எடுத்துட்டு தோள்ல மாட்டுங்க, அவர் கண்ணுல படற மாதிரி. குரலை உயர்த்தாதீங்க. மேப்பைக் காட்டி, "நாம நிக்கறது இங்க, ஃபாரஸ்ட் நிலம்தான், சரிதான?"ன்னு கேளுங்க. பாதி சண்டை அங்கயே முடிஞ்சுடும். முடியலன்னா நீங்க நகந்துடுங்க, ஜிபிஎஸ் புள்ளி, நேரம், வண்டி நம்பர் பிளேட் குறிச்சுக்கோங்க. சட்டப்படி வேட்டையாடறவங்களை வேணும்னே தடுக்கறது, மிருகத்தை விரட்டி விடறது கொலராடோல மட்டுமில்ல, அம்பது மாநிலத்துலயும் குத்தம், அது அவுட்ஃபிட்டருக்கும் பொருந்தும், உங்களுக்கும் பொருந்தும். மிரட்டினா ஷெரிஃப், வேட்டை விதி மீறினா வனவிலங்கு ஆபீசர், பெர்மிட் சம்பந்தமா இருந்தா ரேஞ்சர் ஆபீஸ். மூணு பேருக்கும் ஒரே புகாரை அனுப்பினா மூணு பேரும் அடுத்தவர் பாத்துக்குவார்னு விட்டுடுவாங்க.

10. நீங்களே அவுட்ஃபிட்டர் வெச்சுப் போனா

முதல் வருஷத்துக்கு ட்ராப் கேம்ப் மோசமில்ல, குதிரைல சாமானை ஏத்திட்டுப் போய் டென்ட், அடுப்போட விட்டுட்டு வந்துடுவாங்க, வேட்டை உங்க பாடு. ஆளுக்கு 2,000லேருந்து 3,500 டாலர் வரைக்கும் கேள்விப்பட்டிருக்கேன். எழுத்துல ஒப்பந்தம் குடுக்கறது அவங்களுக்கு சட்டப்படி கட்டாயம், குடுக்க யோசிச்சா வேற ஆளைப் பாருங்க. பனி கொட்டி வழி அடைச்சா டெபாசிட் என்ன ஆகும், கறி இறக்கறது விலைல சேர்த்தியா, அந்தப் பள்ளத்தாக்குல எத்தனை கேம்ப் விடறீங்க, மூணையும் காசு குடுக்கறதுக்கு முன்னாடி கேளுங்க. என் நண்பர் ஒருத்தர் கேக்கல, போய் இறங்கினா ஒரே ஓடையோரம் நாலு கேம்ப், நாலும் அதே அவுட்ஃபிட்டர் விட்டது. கைடு, சமையல்காரரோட முழு கேம்ப் எடுத்தா, மாட்டுக்கறி, பன்னிக்கறி சாப்பிட மாட்டீங்கன்னா முன்னாடியே சொல்லிடுங்க, சொல்லலன்னா காலை மாலை பேக்கன்தான். கைடுக்கும் சமையல்காரருக்கும் டிப்ஸ் வழக்கம், 10லேருந்து 15 சதவீதம், கேஷா.

தேதிங்களை மட்டும் மறுபடி சொல்லிடறேன், ஃபோன்ல அலாரம் வெச்சுக்கோங்க. ஜனவரில ஹன்டர் எஜுகேஷன், மார்ச் 1க்கு ஸ்மால் கேம் லைசன்ஸ், ஏப்ரல் முதல் வாரத்துக்குள்ள குலுக்கல், ஜூலைல ரெண்டு ஃபோன், ஆகஸ்ட் முதல் வாரம் கவுண்டர் டேக், ஆகஸ்ட் கடைசில ஒரு வீக்கெண்ட் சும்மா நடந்து பாக்கறதுக்கு, அக்டோபர் கடைசில வர்ற ரெண்டாவது சீசனுக்கு லீவு இப்பவே போட்டுடுங்க. நவம்பர்ல கறி வெட்டித் தர்ற கடைல கூட்டம் அலைமோதும், 400, 500 டாலர் எடுத்து வைங்க, இல்ல வீட்டுலயே வெட்டிக்கோங்க. எல்க் கறில கொழுப்பு ரொம்பக் கம்மி, ஆட்டுக்கறி மாதிரியே நெனச்சு குக்கர்ல வெச்சா ரப்பர் மாதிரி இருக்கும், ரெண்டு விசில் கூட வைங்க.